கடலிலே போகிற குசினி

என்ர பிள்ளைக்கு,

நீ இதை வாசிக்கிற நேரம் அங்க பனி கொட்டுதோ வெயில் எறிக்குதோ எனக்குத் தெரியாது. இஞ்ச சோழகக் காத்து அடங்கிப்போச்சு. நான் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தடிச்ச சட்டை போட்டு, மருமகனோட சண்டை பிடிக்காமல் இருக்கிறாய் எண்டு நினைச்சுக்கொண்டு எழுதுறன். ரெலிபோனில நாங்கள் ஒவ்வொரு நாளும் கதைக்கிறம்தான். ஆனால் உன்ர முகத்தைக் கண்ட உடன எனக்குச் சொல்ல வந்த கதை மறந்துபோகுது. சாப்பிட்டியோ, குளிரோ எண்டு கேட்டுக் கேட்டே நேரம் முடிஞ்சிடும். அதுதான் பேனையை எடுத்தனான். அஞ்சாம் வகுப்போட நிண்டவள் நான். என்ர எழுத்து ஊர்ந்து ஊர்ந்துதான் போகும். நீ ஆறுதலாய் வாசி.

உன்ர சாமான் இப்ப நடுக்கடலில போகுது. சாமான் ஏத்தின கொம்பனியில இருக்கிற பிள்ளை ரெலிபோனுக்கு ஏதோ அனுப்பினவள். அதைத் தொட்டால் உலகப் படம் வருது. அதுக்குள்ள ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. அதுதான் கப்பலாம். காலமை எழும்பி, முகம் கழுவி, சாமிக்கு விளக்கு வைச்சுப்போட்டு நான் முதல் பாக்கிறது அந்தப் புள்ளியைத்தான். நேற்று அது ஆபிரிக்காவின்ர அடியில நிண்டது. எனக்குக் கடல் எண்டால் எங்கட தீவு இறங்குதுறைக்கும் அக்கரைக் குறிகட்டுவானுக்கும் நடுவில கிடக்கிற தண்ணிதான். ஏறினால் இறங்கலாம், அவ்வளவுதான் அதின்ர அகலம். அந்தத் தண்ணியும் ஆபிரிக்காவைச் சுத்திக் கிடக்கிற தண்ணியும் ஒண்டோட ஒண்டு தொட்டுக்கொண்டு கிடக்குது எண்டு இந்த வயசிலதான் எனக்கு உறைச்சது. கொழும்புக்கு அங்கால ஒரு இடமும் காணாதவள் நான். என்ர பொரிக்கிற தாச்சியும் புட்டுப் பானையும் உலகம் சுத்திக்கொண்டு போகுதுகள். இதை நினைச்சால் சில நேரம் சோறு வடிக்கிறதையும் மறந்து நிக்கிறன்.

அந்தச் சாமானை வீட்டிலயிருந்து ஆர் எடுத்துக் குடுத்தது எண்டு நீ ரெண்டு தரம் கேட்டனி. ரெண்டு தரமும் நான் வேற கதைக்குப் போயிட்டன். பக்கத்தில உன்ர மாமி நிக்கிறா எண்டு எனக்குத் தெரியும், அதுதான். பெட்டியள் அங்க வந்து இறங்கமுந்தி அண்டைக்கு இஞ்ச நடந்ததை நீ முழுசாய் அறியவேணும். அறிஞ்சுபோட்டுத்தான் திறக்கவேணும்.

எல்லாம் அந்தக் கொம்பனிப் பிள்ளை கேட்ட ஒரு கேள்வியிலதான் தொடங்கினது. உனக்கு விசா வந்து, இன்ன நாளுக்கு முந்தி அங்க போய் இறங்கவேணும் எண்டு சொன்ன கிழமை. நீ ரெலிபோனைப் பிடிச்சுக்கொண்டு அறை அறையாய்ப் போக, அவள் கொழும்பில இருந்துகொண்டு எங்கட வீட்டைப் பார்த்தாள். முன்னப்பின்னத் தெரியாத ஒரு பிள்ளை கொழும்பில கதிரையில இருந்தபடி நயினாதீவில எங்கட அலுமாரிக்குள்ள எட்டிப் பாக்கிறாள் எண்டதே எனக்குப் பெரிய அதிசயம். அப்பா இருக்கேக்கயே உனக்கெண்டு வாங்கத் தொடங்கின சாமானெல்லாத்தையும் நான் விறாந்தையில அடுக்கி வைச்சிருந்தனான். பானையள், பித்தளைக் குடம், குத்துவிளக்கு, தலகணி, கடதாசிகூட உரிக்காத குக்கர். அவள் பார்த்துப்போட்டு, “எல்லாம் பாவிச்ச சாமான்தானே அன்ரி?” எண்டு கேட்டாள். எனக்குச் சுருக்கெண்டது. கலியாணம் முடிச்சுப் போற பிள்ளைக்குப் பழம் சாமான் குடுத்துவிடுறதோ? நாங்கள் அப்பிடி இல்லாத சனமில்லை, எல்லாம் புத்தம் புதுசு, ஒண்டிலயும் ஒராளின்ர கைகூடப் படேல்லை எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னனான். பிறகு மெல்லமாய்ச் சொன்னாள், “அதுதான் அன்ரி பிரச்சினை.”

ஒராள் குடிபெயர்ந்து போகேக்க தான் வைச்சிருந்து பாவிச்ச வீட்டுச் சாமானை அந்த நாடு வரியில்லாமல் உள்ள விடுமாம். புதுசெண்டால் கேள்வி கேக்குமாம், பில் கேக்குமாம், வரி கேக்குமாம். தேய்ஞ்சதும் நெளிஞ்சதும்தான் நல்லதாம். நான் நம்பேல்லை. அப்பிடியெண்டால் இண்டைக்கே ஒவ்வொரு புதுப் பானையிலயும் ஒவ்வொரு சுண்டு அரிசி போட்டுக் காய்ச்சுவம், பாவிச்சதாய்ப் போகும்தானே எண்டு கேட்டனான். ஒழுங்கையில இருக்கிற எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுவம் எண்டும் சொன்னனான். நீ நிலத்தில இருந்து, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சனி. அப்பா போன பிறகு அந்த வீட்டில கேட்ட முதல் சிரிப்பு அது. அதுக்காகவே அந்தச் சட்டத்துக்கு நான் ஒரு கும்பிடு போட்டன்.

பிறகுதான் நீ உன்ர பிடிவாதத்தைத் தொடங்கினனி. எனக்குப் புதுசு ஒண்டும் வேண்டாம், உங்கட குசினிதான் வேணும் எண்டாய். பிறந்ததிலயிருந்து நான் சாப்பிட்ட பானை, நான் சமைக்கப் பழகின தாச்சி, அது நான் பாவிச்ச சாமான்தானே எண்டாய். நான் ஏலாது எண்டு ஒத்தைக்காலில நிண்டனான். ஏனெண்டு உனக்குத் தெரியும். உன்ர மாமி கனடாவில இருந்து கதைக்கேக்க, “சம்பந்தி, அதுகள் குடும்பம் தொடங்கப் போகுதுகள், நல்ல காரியத்துக்கு நல்ல கை படவேணும்” எண்டு சொன்னவ. அவ என்னைக் குத்திச் சொல்லேல்லை. ஊரில இருந்தால் நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன். புருசனைப் பறிகுடுத்து ஆண்டுத் துவசம்கூட முடியாதவளின்ர அடுப்பில இருந்த பானையைக் கொண்டுபோய் உன்ர அடுப்பில ஏத்துறதோ? நாளைக்கு உனக்கோ மருமகனுக்கோ ஒரு தலையிடி எண்டாலும் என்ர பானைதான் காரணம் எண்டு என்ர மனமே எனக்குச் சொல்லும். இதைச் சொல்லி நான் அழுதனான். நீ அழேல்லை. கிணத்தடியில நிண்டு கை கழுவிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பாராமல் சொன்னனி:

“அப்பா செத்தது ஒரு நாள், அம்மா. மிச்ச நாளெல்லாம் அவர் அந்தப் பானையில சோறு சாப்பிட்டவர்.”

அதோட நான் விட்டுக்குடுத்தன். புதுச் சாமானெல்லாத்தையும், பிறகு எனக்கு உதவுமெண்டு, உன்ர சின்னம்மா வீட்டில கொண்டுபோய் வைச்சம்.

பிள்ளை, சாமான் கட்டி வெளிக்கிடுறது எங்களுக்குப் புதுசில்லை. நீ பிறக்க முந்தி, எனக்குக் கலியாணம் முடிஞ்ச கையோட, சண்டைக்குப் பயந்து தீவை விட்டு எல்லாரும் ஓடின காலம். அப்ப கொம்பனியும் இல்லை, பெட்டியும் இல்லை. கையில எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் எங்கட குடும்பம். அப்பா என்ன செய்தவர் தெரியுமோ, பித்தளைச் சாமானையும் பானையளையும் சாக்கில போட்டுக் கட்டி, கயித்தில தொங்கவிட்டுக் கிணத்துக்குள்ள இறக்கினவர். “ஆழமான அலுமாரி, பூட்டுத் தேவையில்லை” எண்டு பகிடி வேற. நான் பயத்தில நடுங்கிக்கொண்டு நிக்கிறன், அவர் பகிடி விடுறார். திரும்பி வரேக்க வீட்டுக்குக் கூரை இல்லை. யன்னல் இல்லை. அவர் நேர கிணத்தடிக்குப் போனவர். கயிறு உக்கிப்போய் அறுந்திருந்தது. உள்ள இறங்கிச் சுழியோடி, பாசி பிடிச்ச சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். உவர்த் தண்ணியில கிடந்து எல்லாம் பச்சை பிடிச்சிருந்தது. நாங்கள் ரெண்டு பேரும் கூரையில்லாத குசினியில குந்தியிருந்து பழப்புளி போட்டுத் தேய்ச்சம். அதுகள் மினுங்கத் தொடங்கினாப் பிறகுதான் நாங்கள் ஊருக்கு வந்திட்டம் எண்டு எனக்கு நம்பிக்கை வந்தது. அந்தப் பானையளைத்தான் நீ கேட்டனி. நீ கேக்கேக்க உனக்கு இந்தக் கதை தெரியாது. தெரியாமல் கேட்டதுதான் எனக்கு இன்னும் பெரிசாய் இருக்குது.

நீ வெளிக்கிட்ட நாளை நான் எழுதத்தான் வேணும். கொழும்புக்குப் போற வான் குறிகட்டுவானில காத்திருக்க, நீ மோட்டர் போட்டைப் பிடிக்கவேணும். ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு நல்ல பயணம் வெளிக்கிடேக்க முன்னால வாற முகம் நல்ல முகமாய் இருக்கவேணும், அதுதான் முழுவியளம். என்னைப்போல ஒருத்தி அந்த நேரம் படலையடியில நிக்கக்கூடாது. என்ர தங்கச்சி, உன்ர சின்னம்மா, நாரந்தனையில இருந்து முதல் நாளே வந்து, செம்பில தண்ணியோட படலைக்கு வெளிய நிண்டு உனக்கு எதிரில நடந்து வந்தவள். நான் குசினிக்குள்ள, கதவைச் சாத்திப்போட்டு, அடுப்பைப் பார்த்தபடி நிண்டனான். நீ முத்தத்தில நிண்டு “அம்மா” எண்டு கூப்பிட்டது கேட்டது. ஒருக்கால்தான் கூப்பிட்டனி. நான் சீலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கொண்டு நிண்டனான். பெட்டியின்ர சில்லு மணலில இழுபடுற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேக்கேல்லை. நான் பெத்த பிள்ளை கடல் தாண்டிப் போறதை நான் கண்ணால காணேல்லை. உன்ர நன்மைக்குத்தான் எண்டு அண்டைக்கு நினைச்சனான்.

நீ போய் இறங்கி, பின்னால வாற சாமானெண்டு அங்க சுங்கத்தில எழுதிக் குடுத்து, எல்லாம் சரியெண்டு சொன்ன பிறகுதான் கொம்பனிக்காரர் எங்கட வீட்டுக்கு வந்தவை. மூண்டு பேர். ரெண்டு சிங்களப் பெடியள், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் விளங்கும். தலைமைக்கு நிசாம் எண்டு ஒரு கொழும்பு முஸ்லிம் தம்பி, கதைச்சால் பாட்டு மாதிரி இருக்கும். மடிச்ச மட்டைப் பெட்டியளும், கட்டுக் கட்டாய் வெள்ளைக் கடதாசியும், காத்து அடைச்ச குமிழித் தாளும் எல்லாம் போட்டில ஏத்திக்கொண்டு வந்திறங்கினவை. அண்டைக்கும் சின்னம்மா வந்தவள், கலியாண வீட்டுக்குப் போறமாதிரி பட்டுச் சீலை, நெத்தி நிறையப் பொட்டு. வந்த உடன எனக்குச் சட்டம் போட்டாள். “அக்கா, நீ குசினிக்குள்ள இரு. நான் ஒவ்வொண்டாய் என்ர கையால எடுத்துக் குடுக்கிறன். வெளிய தலையைக் காட்டாத.” நானும் சரியெண்டுதான் இருந்தனான். அதுதானே ஒழுங்கு.

ஆனால் கதவு நீக்கலுக்குள்ளால நான் பார்த்தனான் பிள்ளை. அந்த நிசாம் சாமான் சுத்திற விதத்தை எப்பிடி உனக்கு எழுதுறது? அப்பா சங்கக் கடையில வேலை பார்க்கேக்க சீனி சுத்திறதை நீ கண்டிருக்கிறாய். பேப்பரை ஒரு உருட்டு, அடியில ஒரு மடிப்பு, நூலை ஒரு சுண்டு. கண்மூடித் திறக்கிறதுக்குள்ள சரை முடிஞ்சிடும், ஒரு பருக்கை சிந்தாது. அப்பிடி ஒரு கையை இனிக் காணமாட்டன் எண்டு நினைச்சிருந்தனான். இந்தத் தம்பி மூக்குப்பேணியைத் தூக்கி, அதின்ர மூக்குக்குத் தனியாய் ஒரு சின்னக் கடதாசித் தொப்பி செய்து போட்டு, பிறகு குழந்தைப்பிள்ளையைத் துணியில சுத்திற மாதிரிச் சுத்தினான். உன்ர தையல் மெசினுக்கு அளவெடுத்துப் பலகையால ஒரு கூடு அடிச்சவை. அந்தப் பலகையில ஒரு முத்திரை. சூடு காட்டிப் பூச்சி புழு இல்லாமல் ஆக்கின மரம் எண்டு அதுக்கு அர்த்தமாம். பலகைக்கும் கடவுச்சீட்டு. அப்பாவின்ர சாய்மனைக் கதிரை இருக்கே, அதைக் கழட்டி, ஆணியளை ஒரு பையில போட்டு, அந்தப் பையைக் கதிரையின்ர காலோடயே கட்டினவன். ஆணி தொலைஞ்சால் கதிரை இல்லையாம். நான் கதவுக்குப் பின்னால நிண்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன்.

சின்னம்மாவுக்குத்தான் சங்கடம். அவளுக்கு எங்கட வீட்டுச் சாமான் ஒண்டும் தெரியாது. இது என்ன, எதுக்கு, உடையுமோ எண்டு தம்பி கேக்க, அவள் முழிச்சுக்கொண்டு நிப்பாள். நான் குசினிக்குள்ள இருந்து கத்துவன். அது இடியப்ப உரல், பிடியும் உலக்கையும் சேர்த்துக் கட்டச் சொல்லு. அது எறியிறது இல்லை, அதுதான் நூல்கட்டை போடுற ரின். ஒருக்கால் நான் கத்தினதுக்கு நிசாம் ஆளைக் காணாமல் கூரையைப் பார்த்து, “சரி அம்மா” எண்டு சொன்னவன். அந்தச் சிங்களப் பெடியள் சிரிச்சதுகள். வீட்டுக்காரி கண்ணுக்குத் தெரியாமல் கதைச்சால் அதுகளுக்குப் பகிடியாய்த்தானே இருக்கும்.

பின்னேரமாகி வீடு வெறிச்சுப்போச்சு. அப்பத்தான் எனக்கு ஒரு விசயம் விளங்கினது. நிசாம் வந்து கதவைத் தட்டி, “அம்மா, இனி இந்தக் குசினி மட்டும்தான் மிச்சம் இரிக்கி” எண்டான். நான் ஒளிச்சு நிண்ட இடமே அவையள் கட்ட வந்த சாமான். உள்ள நிண்டால் சாமானுக்கு நடுவில. வெளிய வந்தால் சாமானுக்கு முன்னால. சின்னம்மா கிணத்தடிக்குப் போ அக்கா எண்டு கையைக் காட்டினாள். நான் எழும்பினனான்தான். அந்த நேரம் நிசாம் தாச்சியைத் தூக்கிப் பார்த்து, அடியில கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்குது, நல்லாத் துடைச்சுத் தரவேணும், ஊத்தை இருந்தால் அந்தப் பக்கம் மறிச்சுவைப்பாங்கள் எண்டான். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியை மட்டும் வேண்டாமெண்டு ஒதுக்கிவைச்சவன், ஓலைச் சாமானுக்கு அங்க கேள்வி கூடவாம். சின்னம்மா பட்டுச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாச்சியோட குந்தினாள். கம்பித் தும்பை எடுத்து, உள்பக்கத்தை வறட்டு வறட்டெண்டு தேய்க்கத் தொடங்கினாள். பிள்ளை, அது எத்தனை வருசமாய் எண்ணெய் குடிச்சுக் கறுத்த தாச்சி. அந்தக் கறுப்புத்தான் அதின்ர உயிர். அதைத் தேய்ச்சு எடுத்தால் நீ அங்க ஒரு வடை சுட ஏலாது, எல்லாம் அடிப்பிடிக்கும். எனக்கு நல்ல கையும் தெரியேல்லை கெட்ட கையும் தெரியேல்லை. பாய்ஞ்சு பறிச்சுப்போட்டன்.

சின்னம்மா குந்தினபடி என்னை அண்ணாந்து பார்த்தாள். தாச்சி என்ர கையில. வெளிப்பக்கக் கரியைச் சாம்பல் போட்டு எடுத்து, உள்பக்கத்தைச் சுடுதண்ணியில கழுவி, அடுப்பில வாட்டி, துணியால ஒத்தி நிசாமிட்ட நீட்டினன். அவன் வாங்கேல்லை. எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். காலமை தொடக்கம் நீங்கள் ஏன் ஒளிச்சு இருந்தனீங்கள் எண்டு கேட்டான். சின்னம்மாதான் சொன்னவள், அக்காவின்ர அவர் மோசம் போயிட்டார், எங்கட வழக்கத்தில அவ இந்தச் சாமானைத் தொடக்கூடாது எண்டு. அவன் தலையாட்டினான். தங்கட வாப்பா மவுத்தாகேக்கயும் உம்மா வெளிய வராமல் நாலு மாதத்துக்கு மேல வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்தவ எண்டு சொன்னான். அது முடிஞ்ச அண்டைக்கு உம்மா குளிச்சு, நல்ல உடுப்புப் போட்டு, முதல் வேலையாய் அவன்ர தங்கச்சியின்ர வீட்டுக்குப் போய்ச் சமைச்சுக் குடுத்தவவாம். பிறகு ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், சும்மா ஊர் விசாரிக்கிற மாதிரிக் கேட்டான்:

“உங்களுக்கு எப்ப முடியும், அம்மா?”

நான் சின்னம்மாவைப் பார்த்தன். சின்னம்மா என்னைப் பார்த்தாள். துவசம் முடிஞ்சால் எண்டு சொல்ல வாயெடுத்தாள், ஆனால் சொல்லேல்லை. துவசம் முடிஞ்சாலும் முடியாது எண்டு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவ்வளவு காலம் கோயில் குளமெண்டு திரிஞ்ச எங்கள் ரெண்டு பேருக்கும் அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. நிசாம் தான் ஏதோ பிழையாய்க் கேட்டிட்டன் எண்டு பயந்து, தாச்சியை வாங்கிக் கடதாசியை எடுத்திட்டான். நான் அடுப்படிக்குப் போய் புட்டுப் பானையை எடுத்தன். கழுவினன், துடைச்சன், குடுத்தன். பிறகு சோத்துப் பானை. பிறகு அப்பா கிணத்திலயிருந்து எடுத்த பித்தளைப் பானை. ஒவ்வொண்டாய் என்ர கையால. கொஞ்ச நேரத்தில சின்னம்மா பக்கத்தில வந்து குந்தி, நான் கழுவினதை வாங்கித் துடைக்கத் தொடங்கினாள். கடைசியில, கொம்பனிக்கு நீ சொல்லி வைச்ச ஆள் நான் எண்டு நிசாம் என்னைத்தான் கையெழுத்தும் வைக்கச் சொன்னான். என்ர பெயரை நான் எழுதி முடிக்குமட்டும் அந்த மூண்டு பேரும் பெட்டியளைத் தூக்காமல் காத்து நிண்டதுகள்.

லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் வண்டிலை இழுத்துக்கொண்டு படலையில வந்து நிண்டது. பெட்டியெல்லாம் ஏத்திக் கயிறு கட்டியாச்சு. சின்னம்மாவுக்கு அப்பத்தான் முழுவியளம் ஞாபகம் வந்தது. செம்பில தண்ணி அள்ளிக்கொண்டு எதிரில வாறன் எண்டு உள்ள ஓடினாள். செம்பைக் காணேல்லை. குடத்தைக் காணேல்லை. உள்ள நிண்டு தேடித் தேடிப்போட்டு வெளிய வந்து, எல்லாத்தையும் கட்டிப்போட்டானே பாவி, நல்ல காரியத்துக்கு ஒரு பேணிகூட மிச்சமில்லையே எண்டு தலையில கைவைச்சாள். அந்த நேரம் டிரைவர், ஒழுங்கையில வயர் பதிஞ்சு தொங்குது, ஆராவது முன்னுக்கு நடந்து வழி பார்த்துச் சொல்லுங்கோ எண்டு கூப்பிட்டார். எந்த இடத்தில வயர் பதிவு, எந்த இடத்தில பள்ளம் எண்டு இந்த ஒழுங்கையில ஆருக்குத் தெரியும்? நான் முத்தத்தில நிண்டனான். பின்னால இருந்து சின்னம்மாவின்ர குரல் வந்தது.

“நட அக்கா. வாகனம் நிக்குது.”

நடந்தன் பிள்ளை. படலையைத் தாண்டி, முன்னுக்கு, நடு ஒழுங்கையில. பின்னால உன்ர வீடு உறுமிக்கொண்டு வருது. சனம் படலைக்குப் படலை எட்டிப் பார்த்தது. கடையடியில சைக்கிளில வந்த ஒராள் இறங்கி ஒதுங்கி நிண்டார். அது எனக்குப் பயந்தோ லான்ட்மாஸ்ரருக்குப் பயந்தோ எனக்குத் தெரியாது. வயர் பதிஞ்ச இடத்தில தடியால தூக்கிப் பிடிச்சன். இறங்குதுறைக்குப் போகுமட்டும் நான் ஒருக்காலும் தலையைக் குனியேல்லை. குனிஞ்சால் வயர் தெரியாது.

துறைப் படியில போய் நிண்டன். அப்பாவை யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில இருந்து திருப்பிக் கொண்டுவந்து இறக்கினதும் அந்தப் படியிலதான். அந்தப் படியை அதுக்குப் பிறகு நான் மிதிக்கேல்லை. இப்ப அதே படியில, பெடியள் கைக்குக் கை மாத்திப் பெட்டியளைப் போட்டுக்குள்ள இறக்கினதுகள். ஒரு பெட்டி போக மற்றது. போட் தாழ்ந்து தாழ்ந்து போனது. நான் நினைச்சன், இந்தக் கடல் எவ்வளவு பெரிய மனம் கொண்டது எண்டு. கொண்டுவந்து தந்ததையும் தாங்கினது, கொண்டுபோறதையும் தாங்குது, ஒண்டையும் கேக்குதில்லை. போட் வெளிக்கிட்டது. உன்னை அனுப்பேக்க பாராத பார்வையெல்லாத்தையும் சேர்த்து, புள்ளியாய் மறையுமட்டும் பார்த்துக்கொண்டு நிண்டனான். கையைக்கூட அசைச்சனான். பெட்டிக்குக் கை காட்டின முதல் ஆள் நான்தான் எண்டு சின்னம்மா நாரந்தனை முழுக்கச் சொல்லித் திரியிறாளாம்.

இனி நான் சொல்லுறதைக் கேள். சாமான் வந்த உடன எல்லாத்தையும் ஒரே நாளில அடுக்காத. புது வீட்டில எது எங்க இருக்கவேணும் எண்டு சமைக்கச் சமைக்கத்தான் தெரியும். ஒவ்வொண்டாய் எடு. தாச்சிக்குச் சவர்க்காரம் காட்டாத. அப்பாவின்ர கதிரையை யன்னலடியில போடு, மருமகன் இருக்கட்டும், அவர் வேலையால களைச்சு வாற மனுசன். சண்டை வந்தால் குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்தாத. நான் சாத்திப் பார்த்தனான், அது ஒருத்தருக்கும் நல்லதில்லை. உன்ர மாமியோட எதிர்த்துக் கதைக்காத. அவ பிறந்த ஊரை விட்டுப் போய், அந்தப் பனிக்குள்ள ஒரு குடும்பத்தைக் கட்டி எழுப்பின மனுசி. பயம் அவவுக்கும் இருக்கும். இந்தக் கடிதத்தை அவவுக்கும் வாசிச்சுக் காட்டு. சாமானெல்லாம் என்ர கையாலதான் வெளிக்கிட்டது, நான்தான் முன்னுக்கு நடந்தனான் எண்டு அவ என்ர வாயாலதான் அறியவேணும்.

நல்ல நாள் பாக்க விரும்பினால் பாக்கட்டும். தேங்காய் உடைக்கிறதெண்டால் உடைக்கட்டும். அவவும் பக்கத்தில நிக்கட்டும், அது அவவின்ர வீடு. ஆனால் முதல் பெட்டியின்ர ஒட்டு நாடாவை வெட்ட முந்தி ரெலிபோனில என்னைக் கூப்பிடு. இஞ்ச சாமமாயிருந்தாலும் நான் எழும்புவன். ரெலிபோனை ஓரத்தில வைக்காத, பெட்டிக்கு நேர முன்னால நிப்பாட்டு. பொட்டில்லாத நெத்தியோட, இருக்கிற கோலத்தில நான் வந்து நிப்பன். என்ர முகத்தைப் பார்த்துப்போட்டுத் திற.

அம்மா